இணையப் பதிப்பும் மெய்ம்மை காண்டலும்

ஒரு செய்தியைப் பெறுதல் எளிது; பெற்ற செய்தி மெய்யோ பொய்யோ எனத் தெளிதல் அரிது. ஏட்டில் எழுதிய காலத்தாரும், பின்னர் அச்சுப்பொறி கொண்டு நூல் பதிப்பித்தோரும் இவ்வருமையை உணர்ந்தே தொழில் செய்தனர். அச்சிற் புகுந்த பிழை பிரதிகள் அத்தனையிலும் நின்றுவிடும். ஆதலின் எழுதுவோனுக்கும் வாசகனுக்கும் இடையே பத்திராதிபர், பரிசோதகர், அச்சுப்பிழை திருத்துவோர் எனப் பலர் காவல் நின்றனர். இக்காலத்தில் எழுத்தின் பெரும்பகுதி இணையத்தில் வெளியாகின்றது. எழுதியவன் எழுதிய கணத்திலேயே தன் எழுத்தை உலகெங்கும் பரப்ப வல்லவனாயினான். இடைநின்ற காவலர் பலர் இல்லாதொழிந்தனர். இந்நிலையில் மெய்ம்மையைக் காப்பது யாது? நேர்மையுள்ள இணையப் பதிப்பாளர் தாம் வெளியிடுவன பிழையற்றன என்பதை எவ்வாறு உறுதிசெய்கின்றனர்? இவ்வினாக்களை ஒருசிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். 2009ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மோரிஸ் ஜார் என்னும் பிரான்சிய இசையமைப்பாளர் காலமானார். 'லோரன்ஸ் ஒவ் அரேபியா' முதலிய திரைப்படங்களுக்கு இசை வகுத்துப் புகழ் பெற்றவர் அவர். அவர் இறந்த செய்தி வெளியான சில மணி நேரத்துள், டப்ளின் நகரில் பயின்ற பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தாமே புனைந்த சில வாக்கியங்களை ஜார் கூறியனவாக விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்திற் சேர்த்துவிட்டார். பத்திரிகையாளர் இணையத்தை எவ்வளவு தூரம் ஆராயாது நம்புகின்றனர் என்பதைச் சோதித்தறிவதே அவர் கருத்து. விக்கிப்பீடியாவின் தொண்டர்கள் அவ்வாக்கியங்களுக்குச் சான்று காட்டப்படவில்லை எனக் கண்டு அவற்றை நீக்கினர். எனினும் அதற்குள் பிரித்தானியா, இந்தியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பத்திரிகைகள் சில அவற்றைத் தம் இரங்கற் குறிப்புக்களில் ஏற்றிவிட்டன. ஏறத்தாழ ஒரு மாதம் எவரும் ஐயுறவில்லை. அம்மாணவரே பத்திரிகைகளுக்கு எழுதி உண்மையைத் தெரிவித்த பின்னரே பொய் வெளிப்பட்டது. 'கார்டியன்' பத்திரிகை வெளிப்படையாகத் திருத்தம் வெளியிட்டது.

இந்நிகழ்ச்சியிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. எவரும் எழுதக்கூடிய கலைக்களஞ்சியம் அப்பொய்யைக் களைந்தது. பயிற்சி மிக்க பத்திராதிபர்களையுடைய பத்திரிகைகள் களையவில்லை. காரணம் யாதெனின், முன்னதில் இருந்தோர் 'இதற்குச் சான்று எங்கே?' என வினாவினர். பின்னவற்றில் இருந்தோர் வினாவவில்லை. பதிப்பகத்தின் பெயரும் பெருமையும் மெய்ம்மையைக் காப்பதில்லை. ஒவ்வொரு கூற்றையும் தவறாது வினாவும் ஒழுங்கே அதனைக் காக்கின்றது. இவ்வொழுங்கின் உறுப்புக்களை இனி முறையே காண்பாம்.

அளவையும் ஆய்வும்

நம் முன்னோர் அறிவு பிறக்கும் வாயில்களை அளவை என்றனர். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவற்றை அடக்குதல் சைவசித்தாந்த நூல்களின் வழக்கு. கண்ணாரக் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். நம்பத்தக்கார் கூற்றால் அறிவது உரை. நாம் உலகைப்பற்றி அறிந்துள்ளனவற்றுட் பெரும்பாலன உரையளவையால் வந்தனவே. நாம் பிறந்த நாளையும் நாம் பிறர் கூறவே அறிந்தோம்.

உரையளவைக்குத் தருக்க நூலார் ஒரு வரம்பு வகுத்தனர். கூறுபவன் ஆப்தனாதல் வேண்டும். அஃதாவது, பொருளை உள்ளவாறு அறிந்தவனும், அறிந்தவாறே கூறும் விருப்புடையவனுமாதல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறையினும் அவன் கூற்று அளவையாகாது. அறிந்தும் பொய்யுரைப்பான் ஒருவன். நல்லெண்ணத்தோடு அறியாதது உரைப்பான் மற்றொருவன். இணையத்திற் பரவும் பிழைகளுட் பெரும்பகுதி இரண்டாமவனால் விளைவது. எனவே மெய்ம்மை காண்போன் ஒவ்வொரு கூற்றையும்பற்றி மூன்று வினாக்களை எழுப்புகின்றான்: இதனை முதலிற் கூறியவர் யார்? அவர் இதனை நேரே அறியும் நிலையில் இருந்தாரா? இதனைக் கூட்டியோ குறைத்தோ கூறுவதனால் அவருக்குப் பயன் உண்டா?

வினாவுமுன் செய்ய வேண்டிய ஒரு வேலையுண்டு. கட்டுரையை அதன் கூறுகளாகப் பகுத்தல் வேண்டும். 'இன்னார் இன்ன ஆண்டில் இன்ன ஊரில் இந்நாட்டின் முதலாவது அநாதை இல்லத்தை நிறுவினார்' என ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். மேலோட்டமாக வாசிப்போனுக்கு இஃது ஒரு செய்தி. ஆய்வோனுக்கோ பெயர், பெயரின் எழுத்து, ஆண்டு, ஊர், நிறுவியவர் அவர்தாமா என்பது, 'முதலாவது' என்பது என ஆறு செய்திகள். அவற்றுள் அபாயம் மிக்கது 'முதலாவது' என்னும் சொல்லே. முதலாவது, மிகப்பெரியது, ஒரேயொன்று என்பன எளிதில் எழுதப்படுவன, நிறுவுதற்கு அரியன. எண்கள் வருமிடத்து அலகு யாது, எந்த ஆண்டுக்கு உரியது, எதனுள் எத்தனை என்பனவற்றை நோக்குவர். கூட்டுத் தொகையைத் தாமே கூட்டிப் பார்ப்பர். ஒருவர் கூற்றாக மேற்கோள் வருமிடத்து ஒலிப்பதிவையோ மூல ஆவணத்தையோ கேட்டு வாங்குவர். தலைப்பையும் படங்களின் கீழ் எழுதும் குறிப்புக்களையும் இறுதியாகச் சோதிப்பர். கட்டுரை சரிபார்க்கப்பட்ட பின்னர் வேறொருவரால் விரைந்து எழுதப்படுவன அவையாதலின், பிழை நுழையும் பின்வாயில் அவையே. கருத்தும் எதிர்கால ஊகமும் இச்சோதனைக்கு உட்படா. அவற்றுக்கு அடிப்படையாகக் காட்டப்படும் செய்திகள் உட்படும்.

எழுதியோனின் வேறாய ஒருவர்

தன் எழுத்திலுள்ள பிழை தன் கண்ணுக்குத் தோன்றாது. கண் எழுதியதை வாசிப்பதில்லை. எழுத நினைத்ததையே வாசிக்கின்றது. ஆதலின், எழுதியோனின் வேறாய ஒருவர் கட்டுரையை மீட்டும் அடியிலிருந்து ஆராய வேண்டும் என்னும் வழக்கம் இணையத்துக்கு முன்னரே தோன்றிற்று. 1923இல் தொடங்கப்பெற்ற 'ரைம்' சஞ்சிகை இப்பணிக்கெனப் பெண்களை நியமித்தது. 1925இல் தோன்றிய 'நியூயோர்க்கர்' சஞ்சிகை, 1927இல் ஒரு பெண்பாற் புலவரைப்பற்றிப் பிழை மலிந்த கட்டுரையொன்றை வெளியிட்டு, அவர் தாயாரின் கடுங்கண்டனத்துக்கு ஆளாகியது. அதன்பின் அங்கு வளர்ந்த பரிசோதனைப் பகுதி இன்றுவரை பேர் பெற்றது. பரிசோதகர் கட்டுரைப் படியைக் கையிற்கொண்டு, உறுதிப்பட்ட ஒவ்வொரு சொல்லின் மீதும் பென்சிலாற் கோடிட்டுச் செல்வது அங்குள்ள வழக்கம். கோடு விழாத சொல் அச்சேறாது.

இவ்வொழுங்கு எத்தகைய உழைப்பை வேண்டுவது என்பதற்கு ஜோன் மக்ஃபீ என்னும் எழுத்தாளர் தெரிவித்துள்ள வரலாறு ஒன்று சான்றாகும். 1973இல் அணுச்சத்தியைப்பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் ஒரு செவிவழிச் செய்தி இடம்பெற்றது. இரண்டாம் உலகப்போரின்போது யப்பானியர் காற்றில் மிதக்கவிட்ட தீக்குண்டு பலூன்களுள் ஒன்று, அமெரிக்காவில் ஹான்போர்ட் என்னுமிடத்தில் இருந்த அணுவுலையின் மேல் விழுந்து அதன் இயக்கத்தை நிறுத்திற்று என்பது அது. பின்னர் நாகசாகியில் வீழ்த்தப்பட்ட குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியம் ஆக்கப்பட்ட இடம் ஹான்போர்ட். பௌதிகவியல் அறிஞர் ஜோன் வீலர் கூறிய செய்தி அது. கூறியவர் பேரறிஞர் என்பது கொண்டு பரிசோதகர் சேரா லிப்பின்கொட் அமைந்துவிடவில்லை. பலரையும் தொலைபேசியில் வினாவி, ஒருவர் மற்றொருவரைச் சுட்ட, இறுதியில் அக்காலத்தில் அங்கு முகாமையாளராயிருந்து இளைப்பாறியவர் புளோரிடாவில் வாழ்கின்றார் என அறிந்தார். அவர் கடைத்தெருவுக்குச் சென்றிருந்தார். சஞ்சிகை அச்சேறும் நேரமோ நெருங்கிவிட்டது. லிப்பின்கொட் அவ்வூர்ப் பொலிசாரின் உதவியை நாடினார். அவர்கள் தேடிப்பிடித்துத் தெரிவிக்க, அம்முதியவர் பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினார். செய்தி மெய்யே, ஆயினும் பலூன் விழுந்தது அணுவுலையின் மேலன்று, அவ்வுலைக்கு மின்சாரம் கொண்டுசென்ற உயரழுத்தக் கம்பியின் மேல்.

ஒரு வாக்கியத்துக்காக இத்துணை முயற்சி வேண்டுமா என வினவலாம். செவிவழி வந்த செய்தி முற்றும் பொய்யாயிருத்தல் அரிது. முற்றும் மெய்யாயிருத்தலும் அரிது. மெய்யை மெய்யென்று நிறுவியதும், அதனுள் ஒளித்திருந்த பிழையைக் களைந்ததும் ஒரே முயற்சியின் பயன்களாம்.

நூறு வாய், ஒரு சொல்

இணையம் பரவியபின் இவ்வேலை எளிதாயிற்று என்பர். ஒருபுடை அது மெய். முன்னர் நூல்நிலையங்களில் நாட்கணக்கிற் தேட வேண்டிய ஆவணங்கள் பல இன்று வீட்டிலிருந்தே காணத்தக்கனவாயின. ஆயின் அவ்வெளிமையோடு ஒரு புதிய இடரும் வந்தது. ஒரு செய்தியைத் தேடுவோன் நூறு தளங்களில் அதனைக் காண்கின்றான். நூறு பேர் பொய் சொல்வாரா என்று அமைகின்றான். நூறு பேரும் ஒருவரைப் பார்த்து எழுதியவராயின் சான்று நூறன்று, ஒன்றே.

தென்னமெரிக்காவில் வாழும் கோட்டி என்னும் விலங்கின் கதையை ஈண்டு நினைத்தல் தகும். 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர், அவ்விலங்குக்குப் 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என வேடிக்கையாக விக்கிப்பீடியாவில் எழுதினார். ஆர்ட்வார்க் என்பது ஆபிரிக்காவில் வாழும் முற்றிலும் வேறான விலங்கு. அப்பெயர் எவராலும் வழங்கப்பட்டதன்று. எனினும் காலப்போக்கில் அது பிரித்தானியப் பத்திரிகைகளிலும், பல்கலைக்கழகப் பதிப்பகமொன்று வெளியிட்ட நூலிலும் இடம்பெற்றது. அதன்பின் நேர்ந்ததே வியப்பு: அவ்வெழுத்துக்களுள் ஒன்று விக்கிப்பீடியாவிலேயே அப்பெயருக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. நிழல் தன் நிழலையே சாட்சிக்கு அழைத்தது. 2014இல் 'நியூயோர்க்கர்' இதனை வெளிப்படுத்தும்வரை அச்சுழற்சி நின்றபாடில்லை.

இவ்விடரை நம் நாட்டுப் பதிப்பாசிரியர்கள் முன்னரே அறிந்திருந்தனர். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும் பலவிடத்து ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பாடம் தெளிந்தனர். சுவடிப் பரிசோதனையின் அடிப்படை விதியொன்று உண்டு. ஒரு மூலச் சுவடியிலிருந்து பெயர்த்தெழுதிய பத்துச் சுவடிகள் ஒரே பாடத்தைத் தருமாயின் அவை பத்துச் சான்றுகள் அல்ல. ஒரே இடத்தில் ஒரே பிழையைத் தாங்கி நிற்கும் சுவடிகள் ஒரு குடும்பத்தன என்பதற்கு அப்பிழையே சாட்சி. வேறு வழியில் வந்த ஒரு சுவடி அப்பத்தினையும் வெல்லும். இணையத் தளங்களை ஆய்வோனும் இவ்விதியையே கைக்கொள்ளல் வேண்டும். எழுத்துப் பிழையும் வாக்கிய அமைப்பும் மாறாது பல தளங்களில் ஒருசெய்தி காணப்படின், அவற்றை எண்ணுதலை விடுத்து, அவற்றின் தாய்ச்சுவடியைத் தேடுதல் வேண்டும். கண்ட பக்கம் நாளை மாறக்கூடுமாதலின், அதன் படியை நாளும் நேரமும் குறித்துச் சேமித்து வைத்தலும் வழக்கம். 1996இல் நிறுவப்பெற்ற இணைய ஆவணக் காப்பகம் பழைய பக்கங்களைப் பேணி இதற்கு உதவுகின்றது.

தாய்ச்சுவடியைத் தேடாததால் ஒருவர் மானம் இழக்கவும் நேரும். 2005ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜோன் சீகன்தாலர் என்னும் மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரின் பெயரிலமைந்த விக்கிப்பீடியாப் பக்கத்தில், கெனடி சகோதரர்களின் கொலைகளோடு அவர் தொடர்புடையவர் எனச் சிலகாலம் கருதப்பட்டார் என்னும் பொய் எழுதப்பட்டது. அவரோ இளையவரான ரொபட் கெனடியிடம் உதவியாளராய்ப் பணிபுரிந்தவர். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அப்பொய் நின்றது. வேறிரண்டு தளங்களும் அதனைப் பெயர்த்து வெளியிட்டன. அவ்வாண்டு நவம்பரில் சீகன்தாலர் தமக்கு நேர்ந்ததைப் பத்திரிகையில் எழுதினார். அதன்பின் பதிவுசெய்யாதோர் ஆங்கில விக்கிப்பீடியாவிற் புதுக்கட்டுரை தொடங்குதல் தடுக்கப்பட்டது. உயிரோடிருப்போரைப் பற்றிச் சான்றின்றி எழுதப்பட்ட பழிக்கூற்றுக்களை உடனே நீக்குக என்னும் விதியும் வலுப்பெற்றது. ஒரு மனிதர் பட்ட துயரம் விதியாக மாறிற்று.

பக்கத்தை விட்டு வெளியேறுதல்

ஒரு தளம் நம்பத்தக்கதா என்பதை எவ்வாறு அறிவது? அத்தளத்தைக் கருத்தூன்றி வாசித்தால் அறியலாம் என்பதே பலர் கொள்கை. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பேர்க், சேரா மக்குரூ என்போர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இக்கொள்கையை அசைத்தது. வரலாற்றறிஞர் 10 பேர், தொழில்முறை மெய்ம்மை ஆய்வாளர் 10 பேர், அப்பல்கலைக்கழக மாணவர் 25 பேர் ஆக 45 பேரிடம் சில தளங்களை மதிப்பிடுமாறு அவர்கள் கேட்டனர். குழந்தை மருத்துவரின் சங்கங்கள் இரண்டு அவற்றுள் இடம்பெற்றன. ஒன்று 1930இல் நிறுவப்பெற்ற பெருஞ்சங்கம். மற்றொன்று அதிலிருந்து வேறுபட்ட சிலர் 2002இல் அமைத்த சிறுகுழு. பெயரும் தோற்றமும் இரண்டுக்கும் ஒத்தன.

மாணவரும் வரலாற்றறிஞர் பலரும் பக்கத்தின் மேலிருந்து கீழாக வாசித்து, அதன் அமைப்பையும் முத்திரையையும் நடையையும் கண்டு மயங்கினர். மெய்ம்மை ஆய்வாளரோ அப்பக்கத்தில் நெடுநேரம் நிற்கவில்லை. உடனே வேறு பக்கங்களைத் திறந்து, இச்சங்கத்தைப் பற்றிப் பிறர் கூறுவது யாது, இதனை நடத்துவோர் யார், பணம் எங்கிருந்து வருகின்றது எனத் தேடினர். குறைவாக வாசித்து மிகுதியாக அறிந்தனர். பத்துப் பேரும் எச்சங்கம் நம்பத்தக்கது என்பதைச் சரியாகத் தெளிந்தனர். ஒருவனுடைய நேர்மையை அவனிடமே கேட்டறிதல் இயலாது. அவன் அயலாரைக் கேட்டல் வேண்டும். ஊர் வழக்கில் நாம் நன்கறிந்த இவ்வுண்மையை இணையத்தின் முன் அமர்ந்ததும் மறந்துவிடுகின்றோம்.

நிழலும் மலையும்

உரையளவையால் தீராதவிடத்துக் கருதலளவை கைகொடுக்கும். 2018ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு சலனப்படம் இணையத்திற் பரவிற்று. படைவீரர் சிலர் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துச் சென்று சுட்டுக் கொல்வதை அது காட்டிற்று. இது கமரூன் நாட்டில் நிகழ்ந்தது என்றனர் சிலர். பொய்ச் செய்தி என்று மறுத்தது அந்நாட்டு அரசாங்கம். சாட்சி கூற எவரும் முன்வராத நிலையில் யார் கூற்றை நம்புவது?

பி.பி.சி. நிறுவனத்தின் ஆபிரிக்கப் புலனாய்வுப் பிரிவினர் பிறர் பலரின் துணையோடு அப்படத்தையே சாட்சியாக்கினர். படத்தின் தொலைவில் மலைத்தொடர் ஒன்றின் விளிம்பு தெரிந்தது. அதனைச் செய்மதிப் படங்களோடு ஒப்பிட்டு, நைஜீரிய எல்லையை அடுத்துக் கமரூனின் வடபகுதியிலுள்ள இடம் இதுவெனக் கண்டனர். படத்திற் காணப்பட்ட கட்டடங்கள் எவ்வாண்டுச் செய்மதிப் படங்களில் உள, எவ்வாண்டினதில் இல்லை என நோக்கி ஆண்டை வரையறுத்தனர். வறண்ட பருவத்திலேயே தெளிவாய்த் தோன்றும் நடைபாதையைக் கொண்டு மாதங்களைக் குறுக்கினர். நடந்து செல்லும் வீரனின் நிழலை நிழற்கடிகாரத்தின் கோலாகக் கொண்டு, சூரியன் நின்ற கோணத்தைக் கணித்து, நிகழ்ச்சி 2015ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதிக்கும் ஏப்ரல் மாதத் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது எனத் துணிந்தனர். துவக்கின் வகையும் உடையும் படைப்பிரிவைக் காட்டிக் கொடுத்தன. 2018 செப்டெம்பரில் இவ்வாய்வு வெளியாயிற்று. தாம் எவ்வாறு துணிந்தனர் என்பதைப் படிப்படியாக வாசகர் முன் வைத்தமையே இவ்வாய்வின் தனிச்சிறப்பு. ஐயுறுவோன் எவனும் அம்மலையையும் நிழலையும் தானே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2020இல் அந்நாட்டு இராணுவ நீதிமன்றம் நான்கு வீரருக்குப் பத்தாண்டுச் சிறையும் இன்னொருவருக்கு ஈராண்டுச் சிறையும் விதித்தது.

முறையின் எல்லை

இத்துணை ஒழுங்கும் உள்ளவிடத்துப் பொய் நுழையாது எனக் கருதற்க. ஜேர்மனியின் 'டெர் ஸ்பீகல்' சஞ்சிகை 2018இல் ஏறத்தாழ அறுபது பேர் பணிபுரிந்த பரிசோதனைப் பகுதியை உடையதாயிருந்தது. எனினும் 2018 டிசெம்பரில், பரிசுகள் பல பெற்ற அதன் கட்டுரையாளர் கிளாஸ் ரெலோட்டியஸ், தம் கட்டுரைகள் பலவற்றில் மனிதரையும் உரையாடல்களையும் புனைந்து எழுதினார் என்பதை அச்சஞ்சிகையே வெளியிட நேர்ந்தது. உடன் எழுதிய யுவான் மொரேனோ ஐயுற்று, கட்டுரையில் வருணிக்கப்பட்டோரைத் தேடிச் சென்று கண்டார். அக்கட்டுரையாளரைத் தாம் சந்தித்ததே இல்லை என்றனர் அவர்கள். முதலில் மொரேனோவின் கூற்றை மேலிடத்தார் நம்பவில்லை.

குற்றம் எங்கே நிகழ்ந்தது? ஊரின் மக்கட்டொகை, ஆற்றின் நீளம், ஆண்டு என்பனவற்றைப் பரிசோதகர் சோதித்தனர். கட்டுரையாளர் ஒருவரே கண்டதாகக் கூறிய காட்சிகளுக்கோ அவர் சொல்லே சான்றாயிற்று. ஆப்தன் என ஒருமுறை மதிக்கப்பட்டவன் கூற்று ஆராயப்படாமலே சென்றது. எழுத்து எவ்வளவு அழகியதாயினும், வருணிக்கப்பட்ட மனிதரை ஒருமுறையாவது நேரே வினாவாத சோதனை நிறைவுடையதன்று என்பது இதனாற் பெறப்படும்.

இக்காலத்திற் கட்டுரை புனையும் கணினிகளும் தோன்றிவிட்டன. அவை இனிய நடையில் எழுதுவன. இல்லாத நூலுக்கும் தலைப்பும் ஆண்டும் பக்கமும் கூறுவன. 2023இல் நியூயோர்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றமொன்றில் வழக்கறிஞர் இருவர் சமர்ப்பித்த மனுவில் முன்தீர்ப்புக்கள் ஆறு எடுத்துக்காட்டப்பட்டன. அவ்வாறும் 'சட்ஜிபிடி' என்னும் கணினிப் பொறி புனைந்தவை. வழக்கறிஞருள் ஒருவர் இவை மெய்யோ என்று ஐயுற்றார். ஆயின் அவ்வையத்தை அப்பொறியிடமே வினாவினார். ஆம், மெய்யே என்றது பொறி. நீதிபதி 5,000 டொலர் அபராதம் விதித்தார். ஐயுறுதல் மட்டும் போதாது. யாரிடம் வினாவுதல் என்பதும் அறிதல் வேண்டும். சட்டநூல் அடுக்கில் ஒரு தொகுதியை எடுத்துப் பார்த்திருப்பின் அன்றே தெளிந்திருக்கும்.

திருத்தம் என்னும் அறம்

எல்லாக் காவலையும் கடந்து ஒரு பிழை வெளியேறியே தீரும். 2005 டிசெம்பரில் 'நேச்சர்' சஞ்சிகை அறிவியற் பொருள்கள்பற்றிய 42 கட்டுரைகளை விக்கிப்பீடியாவிலிருந்தும் பிரித்தானிக்காக் கலைக்களஞ்சியத்திலிருந்தும் எடுத்துத் துறையறிஞரிடம் காட்டிற்று. பெரும்பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. சிறுபிழைகளும் குறைகளும் முன்னதில் 162, பின்னதில் 123. பிரித்தானிக்கா நிறுவனத்தார் அவ்வாய்வின் முறையைப் பின்னர் வன்மையாக மறுத்தனர். எவ்வாறாயினும், பிழையே இல்லாத பெருந்தொகுப்பு இல்லை என்பது தெளிவு. ஆகவே பிழை நேருமா என்பதிலும், நேர்ந்தபின் பதிப்பாளர் யாது செய்கின்றார் என்பதிலேயே அவர் நேர்மை விளங்கும்.

அச்சு நூல்களின் ஈற்றிற் பிழைதிருத்தம் என ஒரு தாள் சேர்ப்பது நம்மவர் வழக்கம். 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை 1972முதல் திருத்தங்களுக்கென நிலையான ஓரிடம் ஒதுக்கிற்று. 'கார்டியன்' 1997இல் வாசகரின் முறைப்பாடுகளை ஆராய்ந்து திருத்தம் வெளியிடுதற்கெனத் தனிப் பத்திராதிபர் ஒருவரை நியமித்தது. இணையத்திலோ ஒரு சோதனை உண்டு: பிழையை ஒருவருமறியாது மாற்றிவிடலாம். தாள் கிழியாது, மை தெரியாது. ஆயின் முதலில் வாசித்தவன் பிழையோடு சென்றுவிட்டான். பெயர்த்தெழுதிய தளங்களில் அது வாழ்கின்றது. ஆதலின், முன்னர் எழுதப்பட்டது யாது, அதிற் பிழை யாது, சரியானது யாது, எந்நாளில் திருத்தப்பட்டது என்பனவற்றை அப்பக்கத்திலேயே எழுதிவைத்தல் நேர்மையான பதிப்பாளர் கடன். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு மாற்றமும் நாளும் நேரமும் குறித்து வரலாற்றுப் பக்கத்திற் பேணப்படுகின்றது. 2015இல் தோன்றிய அனைத்துலக மெய்ம்மை ஆய்வு வலையமைப்பு 2016இல் வகுத்த கொள்கைகள் ஐந்து: நடுவுநிலைமை, சான்றுகளை வெளிப்படுத்தல், பணம் வந்த வழியைத் தெரிவித்தல், ஆய்ந்த முறையை விளக்கல், திருத்தங்களை ஒளிக்காது வெளியிடல். ஐந்தனுள் நான்கு வெளிப்படைத்தன்மையையே வற்புறுத்துதல் நோக்கத்தக்கது.

தொகுத்து நோக்குமிடத்து, இணையப் பதிப்பின் மெய்ம்மை நான்கு தூண்களின் மேல் நிற்பது புலனாகும். கூற்றுக்களைப் பகுத்து ஒவ்வொன்றையும் வினாவுதல் ஒன்று. எழுதியோனின் வேறாய ஒருவர் ஆராய்தல் இரண்டு. சான்றுகளின் எண்ணிக்கையில் மயங்காது அவற்றின் மூலத்தைத் தேடுதல் மூன்று. நேர்ந்த பிழையை வெளிப்படையாகத் திருத்துதல் நான்கு. இவற்றுள் எதுவும் இணையம் தந்த புதுமையன்று. ஏட்டுச் சுவடியை ஆராய்ந்த பெரியோர் கைக்கொண்டவையே. புதியது யாதெனின், அக்காலத்திற் பதிப்பாசிரியர் சிலருக்கே உரியதாயிருந்த பொறுப்பு இன்று எழுதுவோர் அனைவர் மேலும் வந்திருத்தலாம். கையிலுள்ள சிறு கருவியால் ஒரு செய்தியை நூறு பேருக்கு அனுப்பும் மாணவனும் அக்கணத்திற் பதிப்பாளனே. சீகன்தாலரின் மேல் வீண்பழி சுமத்தியது அத்தகைய ஒரு கை. கமரூனிற் கொலையுண்டோருக்கு நீதி தேடிக் கொடுத்ததும் இணையத்தைத் துருவிய கைகளே. அனுப்புமுன் 'இதனை முதலிற் கூறியவர் யார்?' என ஒருமுறை வினாவுதல் எவர்க்கும் இயலும். கல்லூரியிற் கற்ற கல்வியின் பயன் அவ்வினாவைத் தவறாது எழுப்பும் பழக்கமாக நிலைபெறுதல் வேண்டும்.